கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல்

நாட்டுக் கோழி வளர்க்கும் வீடுகளில் "சீக்கு விழுந்துவிட்டது" என்றால், அது பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சல் நோயையே குறிக்கும். ஏடுகளில் இதற்கு இராணிக்கேட் நோய் என்று பெயர். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட இத்தொத்து நோய், அடுத்த ஆண்டு குமாவுன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கேட்டில் தென்பட்டது. அவ்வூர்ப் பெயரே நம் நாட்டில் நிலைத்துவிட்டது. நம் மாநிலத்தில் இதற்குத் தடுப்பு மருந்து தயாரிப்பதோ இராணிப்பேட்டை நிலையம். பெயர் ஒற்றுமையால் நோய்க்கும் அவ்வூரே பிறப்பிடமென்று மயங்க வேண்டாம்.

பச்சையும் வெண்மையும் கலந்த கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், பின்னர் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், காலும் இறகும் முடங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தடுப்பூசி போடாத கோழிகளிடையே புகுந்தால் பத்தில் எட்டு, ஒன்பது மடிவதுண்டு. வைரஸ் கிருமியால் வரும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துப் புகட்டுவோரை யான் தடுப்பதில்லை. அதனை நம்பித் தடுப்பூசியைக் கைவிடுவதே தகாது.

ஒரு கோழி தூங்கி விழத் தொடங்கியதும், எஞ்சியவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவது நெடுநாளைய வழக்கம். பத்துக் கோழிகளைக் கொண்டே பிள்ளையின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் தாயிடம், விற்காதே என்று கூறுவது எளிதன்று. ஆயினும், கிருமி உடலில் புகுந்து ஐந்தாறு நாட்கள் சென்ற பின்னரே பெரும்பாலும் அறிகுறி தோன்றும். அவள் விற்ற நல்ல கோழி, அடுத்த ஊருக்கு நோயையும் சுமந்து செல்லக்கூடும். நேமம், குத்தம்பாக்கம், மேப்பூர் போன்ற பூந்தமல்லி வட்டாரக் கிராமங்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. நகரம் நெருங்கி வருந்தோறும் இறைச்சிக் கடைகள் பெருகுகின்றன. சாலையோரம் கொட்டப்படும் கோழிக் கழிவை நம் கோழிகள் கிளறுவதாலும் நோய் பரவக்கூடும். இதனைத் தடுப்பது ஊராட்சியின் பொறுப்பு.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை, எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி என்பது பொதுவான முறை. இங்கேதான் ஓர் இடையூறு. மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிகளுக்குரியது. கரைத்த மருந்தைக் குளிர்ச்சியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியே சென்று கேட்பதால் பயனில்லை. ஆகவே தெருவினர் யாவரும் நாள் குறித்து, விடியுமுன் பஞ்சாரத்தைத் திறவாமல் வைத்திருந்தால் ஒரே காலையில் வேலை முடியும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை ஏற்று நடத்தலாம். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார இலவச முகாமை இதற்குப் பயன்படுத்திக்கொள்க. வெப்பந் தாங்கும் குருணை மருந்தொன்றையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது, தீனியாகவே அளிக்கத்தக்கது.

நோய் புகுந்துவிட்டால் நோயுற்றவற்றைப் பிரித்து வைத்து, நல்லவற்றுக்கு முதலில் தீனி வைத்த பின்னரே அவற்றிடம் செல்லுதல் வேண்டும். நோயுற்ற கோழிக்கு ஊசி போடலாகாது. இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்துக் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. இக்கிருமியால் மனிதருக்கும் கண் சிவத்தல் உண்டு. திடீரெனப் பல கோழிகள் ஒருங்கே இறந்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அவற்றை அறுக்காமல், உண்ணாமல், உடனே கால்நடை மருத்துவருக்கோ 1962 என்னும் தொலைபேசி எண்ணுக்கோ தெரிவித்தல் வேண்டும். வெளியிலிருந்து வாங்கும் கோழியை இரண்டு வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுக.