டிராக்டரும் பாஸ்கல் விதியும்

சென்னையில் 1960-இல் டாஃபே நிறுவனம் தொடங்கியது முதல் டிராக்டர் நமக்குப் புதிதன்று. கோவில்பதாகையில் மண் அள்ளும் சிறு டிராக்டரின் வாளியை உயர்த்துவது எது? எண்ணெயின் அழுத்தமே! பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் (1623–1662) கண்ட விதி இது. விசை = அழுத்தம் × பரப்பு.

ஆகவே கூடுதல் சுமை தூக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, பாதுகாப்பு வால்வை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டுதல். இது ஆபத்து, குழாய் வெடித்துச் சீறும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். மற்றொன்று, பெரிய பிஸ்டன். விட்டம் 5 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. ஆனால் விசை 44 விழுக்காடு உயரும், வேகம் குறையும்.

ஆனால் தாங்கும் கைகளும் முன் அச்சும் பழையவை அன்றோ? எனவே தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தாண்டலாகாது. பின்புறம் எதிர்ச்சுமை வைத்து, வாளியைத் தாழ்த்தி ஓட்டினால் கவிழும் அபாயம் குறையும். சுமை மிகுந்தால் இரண்டு நடையாக எடுக்கலாம். போன உயிரை மீட்க இயலுமா?