நனைந்த நூல்களும் நனையாத நூல்களும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள்களை எங்கள் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் எங்கள் ஊர் நிலையத்திலேயே நின்றுபோனதையும், அதில் சிக்கிய சுமார் 800 பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள் உணவு கொடுத்ததையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். செய்தியில் வராத ஒன்று, எங்கள் பள்ளி நூலக அறை.

தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் கதவைத் தள்ளித் திறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. உள்ளே நூல்கள் ஊறி உப்பி, அலமாரித் தட்டுகளை நெம்பிக்கொண்டு நின்றன. கீழ் இரண்டு தட்டுகள் முழுதும் சேறு. வழவழப்பான தாளில் அச்சான படக்கதைப் புத்தகங்கள்தாம் முதலில் போயின. அந்தத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிரித்தால் எழுத்து மறு பக்கத்தோடு போய்விடும். சாதாரணத் தாளில் அச்சான பழைய நூல்கள் பரவாயில்லை. பக்கங்களுக்கு இடையே செய்தித்தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திச் சிலவற்றை மீட்டோம். அவை இன்றும் வளைந்து நெளிந்து, ஆற்று மண் வாசனையோடு இருக்கின்றன.

பாடநூல்கள் விரைவிலேயே மாற்றாக வந்துவிட்டன. நூலக நூல்கள் அப்படி உடனே வருபவை அல்ல. எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு நூலகப் பாடவேளை இருந்தது. பாடவேளை இருக்கிறது, நூல் இல்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியில் நாங்கள் என்ன செய்தோம், அதில் நான் எதைக் கவனித்தேன் என்பதைப் பற்றியது. நான் தமிழாசிரியை, தொழில்நுட்பம் அறிந்தவள் அல்ல. ஆகவே இதை ஒரு வகுப்பறைக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு எட்டிய நூலகம்

தமிழில் மின்னூல் புதிய சங்கதி அன்று. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் பிறந்தது. தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வந்தது. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தயக்கமின்றி இறக்கிக்கொள்ளலாம். பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் எல்லாரும் இந்த வகையில் வருவார்கள்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களின் நூல்கள்கூட பிடிஎஃப் ஆகச் சுற்றுகின்றன. நானும் ஒரு காலத்தில் நன்றி சொல்லி இறக்கிக்கொண்டவள்தான். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆனவை, உரிமைக்காலம் முடிந்தவை, எழுத்தாளரே இலவசமாக வெளியிட்டவை ஆகிய மூன்று வகையைத் தவிர வேறு எதையும் மாணவருக்கு அனுப்புவதில்லை என்று அந்த ஜனவரியில் முடிவு செய்தேன். மாணவரிடம் பார்த்து எழுதாதே என்று சொல்கிற நாம் இதில் கண்ணை மூடிக்கொள்வது சரியாகப் படவில்லை.

வீட்டில் ஒரு திறன்பேசியாவது இருந்த பிள்ளைகளுக்கு மின்னூலாகவும், இல்லாதவர்களுக்கு மீட்டெடுத்த அச்சு நூல்களாகவும் பிரித்துக் கொடுத்தேன். திறன்பேசி இருந்த வீட்டிலும் அது பிள்ளையின் கையில் இருப்பதில்லை. அப்பா உப்பளத்துக்கோ வாழைத் தோட்டத்துக்கோ துறைமுகத்துக்கோ எடுத்துப் போய்விடுவார். இரவு எட்டரை மணிக்குத்தான் அது வீட்டுக்கு வரும். அதற்குள் மின்கலத்தில் உயிர் இருக்கவேண்டும்.

"அது எங்கேயோ மேல இருந்துச்சு டீச்சர்"

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேசச் சொன்னபோதுதான் வேறுபாடு தெரிந்தது. கதை படித்தவர்கள் திரையில் படித்திருந்தாலும் தாளில் படித்திருந்தாலும் ஒரே மாதிரி உற்சாகமாகச் சொன்னார்கள். கட்டுரை நூல்களில்தான் தடுமாற்றம். அச்சு நூல் படித்த ஒரு மாணவன், "இடப்பக்கம், அடியில, படத்துக்குக் கீழ" என்று சொல்லிச் சட்டென்று அந்த வரியை எடுத்துக் காட்டினான். மின்னூலில் படித்த மாணவி திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தாள். "படிச்சேன் டீச்சர், அது எங்கேயோ மேல இருந்துச்சு" என்றாள். அவள் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள். பொய் சொல்கிற பிள்ளையும் அல்ல.

நாம் நூலைப் படிக்கும்போது எழுத்தை மட்டும் நினைவில் வைப்பதில்லை, இடத்தையும் சேர்த்து வைக்கிறோம். இடக்கையில் கனம் கூடி வலக்கையில் குறைவது, பக்கத்தின் மூலை, மடித்த காது, காப்பிக் கறை, எல்லாமே நினைவுக்கு ஊன்றுகோல். திரையில் ஒரே சன்னலுக்குள் எல்லா வரிகளும் வந்து போகின்றன. எந்த வரிக்கும் சொந்த இடம் இல்லை.

இதை நான் மட்டும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட முடியாது. நார்வேயில் ஆன் மாங்கன் குழுவினர் பத்தாம் வகுப்பு மாணவர் 72 பேரை இரு பிரிவாக்கி, ஒரே பாடத்தைத் தாளிலும் கணினித் திரையிலும் படிக்கச் செய்தார்கள். தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று 2013இல் எழுதினார்கள். 2018இல் டெல்கடோவும் கூட்டாளிகளும் 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 1,70,000 பேருக்கு மேல். தகவல் சார்ந்த பகுதிகளில் தாளுக்கே முன்னிலை. நேரம் கட்டி வைத்துப் படிக்கும்போது அந்த முன்னிலை இன்னும் கூடுகிறது. வெறும் கதைப் பகுதிகளில் வேறுபாடு இல்லை. என் வகுப்பில் கண்டதும் ஏறத்தாழ இதுவே.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. புதிய தலைமுறை திரைக்குப் பழகப் பழக இந்த வேறுபாடு மறைந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தோம். அந்தத் தொகுப்பாய்வில், ஆண்டுகள் செல்லச் செல்ல வேறுபாடு குறையவில்லை, கூடியிருக்கிறது. பிள்ளைகள் திரைக்குப் பழகியது உண்மை. ஆனால் எதற்குப் பழகினார்கள்? விரலால் தள்ளித் தள்ளிக் கடந்து போவதற்கு. அதே கை நூலின் மீதும் அப்படியே தள்ளுகிறது.

இஸ்ரேலைச் சேர்ந்த அக்கர்மன், கோல்ட்ஸ்மித் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது. திரையில் படிக்கிறவர்கள் தமக்குப் புரிந்த அளவைக் கூடுதலாக மதிப்பிட்டு, சீக்கிரமே படிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள் என்றார்கள். நான் அதை வகுப்பில் செய்து பார்த்தேன். படித்து முடித்ததும், கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன், "பத்துக்கு எத்தனை வாங்குவாய்?" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். திரையில் படித்தவர்கள் தாராளமாக எழுதினார்கள். விடைத்தாளைத் திருத்திக் கொடுத்தபோது அந்தத் துண்டுத்தாளையும் சேர்த்தே கொடுத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு பையன் தானாகவே, "இன்னொரு தடவ படிச்சிட்டு வாரேன் டீச்சர்" என்றான். செலவில்லாத சோதனை, நீங்களும் செய்து பாருங்கள்.

திரை மட்டுமே தந்தவை

இத்தோடு தீர்ப்பு எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவி இருக்கிறாள். நூலக வேளையில் அவள் படங்களைத் தடவிக்கொண்டிருப்பாள், அல்லது பக்கத்துத் தோழி வாசிக்கக் கேட்பாள். அவளுக்கு மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்த ஒரு கதையைப் பெரிய எழுத்தாக்கிக் கொடுத்தேன். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தாம் தெரியும். அது அவளுக்குப் போதும். முதல் முறையாக ஒரு கதையை யார் குரலும் இல்லாமல் தானே படித்து முடித்தாள். தாள் எவ்வளவு உயர்ந்தது என்று அவளிடம் போய் நான் எப்படிப் பேசுவேன்?

இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லா மின்னூலும் ஒன்றல்ல. பழைய நூலை அப்படியே படம்பிடித்து வைத்த பிடிஎஃப், சிறிய திரையில் பெரும் தொல்லை. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்; ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்கவேண்டும். யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்ட நூலோ, இபப் வடிவ நூலோ என்றால் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். கருவி உரக்க வாசிக்கவும் செய்யும். என் மாணவர்கள் தடுமாறியதில் ஒரு பங்கு திரையின் குற்றமா, நான் அனுப்பிய படப் பிடிஎஃபின் குற்றமா என்பதை முதல் மாதத்தில் நான் பிரித்துப் பார்க்கவில்லை. அது என் தவறு. பிறகு யூனிகோடு வடிவில் தேடிக் கொடுத்தபோது முணுமுணுப்பு பாதியாகக் குறைந்தது. கட்டுரைகளில் இடம் மறக்கும் சிக்கல் மட்டும் அப்படியே நின்றது.

இன்னொரு வீட்டில் நடந்தது. ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருக்க, பேத்தி திறன்பேசியைப் பார்த்துக் கதை வாசிக்கிறாள். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. "அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லு" என்று ஆச்சி என்னிடமே ஆள் அனுப்பினார். அந்த வீட்டுக்குள் அதற்கு முன் பாடநூலைத் தவிர வேறு நூல் நுழைந்ததில்லை.

ஆற்றின் வாயில் ஒரு அச்சகம்

சுவடியிலிருந்து தாளுக்கு மாறிய காலத்திலும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். அந்த மாற்றத்தின் தொடக்கம் நம் கடற்கரையோடு சேர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். முத்துக்குளித்துறையில் பல ஆண்டுகள் வாழ்ந்து தமிழ் கற்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக் அடிகளார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. வெறும் 16 பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. 1586ஆம் ஆண்டின் 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில் அச்சானதாக அறிஞர்கள் கூறுவர். எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் இதே தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். ஒரு மாணவன் எழுந்து, "எங்க அத்தை வீடு அங்கதான் இருக்கு" என்றான். அதற்குப் பிறகு பாடம் எளிதாகிவிட்டது.

ஆனாலும் சுவடி உடனே மறையவில்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடி தேடிப் பக்கத்து ஊரான ஆழ்வார்திருநகரிக்கு வந்திருக்கிறார். அவரது பத்துப்பாட்டுப் பதிப்பு 1889இல் வெளிவந்தது. ஏடு, தாள், திரை மூன்றும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில்தான் வாழும்போலும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பின்னர் 2005இல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்க்க நூலகம் என்ற திட்டத்தைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். வெள்ளத்தைப் பார்த்த எங்களுக்கு அந்த நெருப்பின் பொருள் நன்றாகவே புரிந்தது.

இப்போது செய்கிற முறை

சுவீடன் அரசு 2023இல் பள்ளிகளில் மீண்டும் அச்சுப் பாடநூல்களுக்குப் பணம் ஒதுக்கியது. அதைக் கேட்டு, கருவிகளைப் பூட்டி வைப்போம் என்று ஒரு நண்பர் சொன்னார். எங்களுக்குப் பூட்டி வைக்க எத்தனை கருவி இருக்கிறது என்று கேட்டேன்.

நான் இப்போது பாடக் கட்டுரைகளைத் தாளில்தான் படிக்கச் செய்கிறேன். பாடநூலில் உள்ள விரைவுத் துலங்கல் குறியீட்டின் வழியாக வரும் காணொளியைப் படித்த பிறகே காட்டுகிறேன். முன்பு நேர் எதிராகச் செய்துகொண்டிருந்தேன். காணொளியை முதலில் பார்த்த பிள்ளைக்குப் பாடத்தைப் படிக்கத் தோன்றுவதில்லை. கதைகளுக்கு எதுவும் சரி. மின்னூல் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு வரி எழுதவேண்டும், அந்த நேரத்தில் இணையத் தரவை அணைத்துவிடவேண்டும். எழுதுவதற்காக நிற்கும்போது விரல் தானாக நிற்கிறது. எல்லாரும் செய்வதில்லை. எட்டாம் வகுப்பில் எல்லாரும் செய்கிற வேலை என்று எதுவும் கிடையாது.

நன்கொடையாகவும் துறையின் வழியாகவும் நூல்கள் மெல்ல வந்து சேர்ந்திருக்கின்றன. கீழ்த் தட்டு இரண்டையும் காலியாகவே வைத்திருக்கிறோம். இரவல் பதிவேட்டில் 'தாள் / திரை' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். போன வாரம் பார்த்தபோது, பார்வைக் குறைபாடுள்ள அந்த மாணவியின் பெயருக்கு நேரே இரண்டுமே எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். படிக்க திரையாம்; தம்பியிடம் காட்ட அட்டை போட்ட புத்தகம் வேண்டுமாம்.