ஆளுக்கு எவ்வளவு?

மலையில் எடுத்த கொழுந்தைச் செக்ரோலில் உள்ள பேரால் வகுத்தால் ஆளுக்கு இத்தனை கிலோ என்று வரும். கைக்காசுக்கு எடுத்தவர்களின் கொழுந்தையும் சேர்த்து நிறுத்துவிட்டு அவர்கள் பேரை விட்டுவிட்டால்? கணக்கு ஏறித்தானே நிற்கும்!

ஊர்க் கணக்கிலும் இந்தக் கோளாறு உண்டு. லண்டனுக்கு நடுவே 'சிட்டி ஒஃப் லண்டன்' என்று ஏறக்குறைய ஒரு சதுர மைல் பகுதி தனிச் சபையோடு இருக்கிறது. 2021இல் குடியிருந்தவர்கள் சுமார் 8,600 பேர். வேலைக்கு வருவோரோ ஐந்து லட்சத்துக்கு மேல். களவு எல்லோரிடமும் போகும். வகுப்பது குடியிருப்போரால் மட்டும். பிறகென்ன, கள்வர் ஊர் மாதிரித்தான் தெரியும்.

நம்ம நாட்டில் மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் இருப்பதுதான் கணக்கெடுப்பில் நகரம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பட்டினசபைகள் பிரதேச சபைக்குள் போக, அந்த ஊர்கள் கிராமமாகிவிட்டன. நகர மக்கள் 1981இல் 21.5 சதவீதம், 2012இல் 18.2. சனம் டவுனை விட்டு ஓடவில்லைங்க, கோடுதான் மாறியது. மஸ்கெலியா கடைவீதியும் 2012இல் கிராமக் கணக்குத்தான்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு லயத்திலிருந்து நாமும் போகிறோம். கட்டில்களை டவுன் எல்லைச் சனத்தால் மட்டும் வகுத்தால் தாராளமாக இருப்பதாகக் காட்டும். வார்டில் பாய் விரித்துப் படுத்தவருக்குத் தெரியும், எவ்வளவு தாராளம் என்று.