இரவில் காணும் கமரா: வயர் இணைக்கும் முறை

யானையும் பன்றியும் இறங்கும் சேனையில், சத்தம் கேட்டதும் ரோச்சுடன் பரணை விட்டு இறங்குவது உயிராபத்தானது. மேலிருந்தபடியே பார்க்க ஒரு சிறிய கமராவும் மொனிற்றரும் உதவும். இரண்டும் 12 வோல்ற்றில் இயங்குபவையாக இருக்கட்டும். சாதாரண கமராவிலுள்ள வடிகட்டி செந்நிறக்கீழ்க் கதிரைத் தடுத்துவிடும்; எனவே வடிகட்டி இல்லாத இரவுக் கமராவையே வாங்குங்கள்.

1. 12 வோல்ற் பற்றரியின் நேர்முனைக்கு அருகில் 2 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பொருத்துங்கள்.

2. பியூஸிலிருந்து கமராவினதும் மொனிற்றரினதும் நேர் வயர்களுக்கு மின் கொடுங்கள். எதிர் வயர்களைப் பற்றரியின் எதிர்முனையில் சேருங்கள். முனை மாறினால் கருவி பழுதாகும்.

3. கமராவின் மஞ்சள் வீடியோ முனையை மொனிற்றரின் வீடியோ உள்ளீட்டில் சொருகுங்கள்.

4. 850 நனோமீற்றர் எல்.ஈ.டி. மூன்றையும், 150 ஓம் அரை வாற் தடையி ஒன்றையும் தொடராக இணைத்து, பியூஸுக்கும் எதிர்முனைக்கும் இடையே பொருத்துங்கள். எல்.ஈ.டி. ஒவ்வொன்றும் சுமார் 1.5 வோல்ற் எடுக்கும். மிகுதி 7.5 வோல்ற்றை 150ஆல் வகுத்தால் 0.05 அம்பியர், இது அளவான மின்னோட்டம். இருளில் மங்கிய சிவப்பு தெரிந்தால் இணைப்புச் சரி.

தூரம் போதாவிடில் இதேபோன்ற தொகுதிகளைச் சமாந்தரமாகச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தடையி வேண்டும். எல்.ஈ.டி.யை அருகிலிருந்து உற்றுப் பார்க்காதீர்கள். மங்கலாகத் தெரிந்தாலும் கண்ணுக்குக் கேடு. திரையில் யானை தெரிந்தால் இறங்காதீர்கள். இத்தனை வேலையும் அதற்காகத்தான்.