பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி.யும் ரேமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்த கணினிகளில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. 2025இல் அரசு நிறுவனமான எல்காட் விட்ட டெண்டரில் கேட்கப்பட்டவை 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்து லேப்டாப்கள் ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளிலும், சிப்காட்டை ஒட்டிய சிறு பட்டறைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கல்லூரிப் பாடம், டேலி கணக்கு, சி.என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் ஏற்றுவது என்று அவற்றுக்கு வேலையும் இருக்கிறது. அவற்றை வேகப்படுத்துவது பற்றி நிலவும் கருத்துகளில் பாதி சரி, பாதி தவறு.

நம்பிக்கை: லேப்டாப் இழுத்தால் முதலில் ரேம் போட வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். லேப்டாப்களில் வழக்கமாக இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, தேவையான இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை இப்படித் தேடினால் விநாடிக்கு நூறைத் தொடுவதே அரிது. விண்டோஸ் திறக்கும்போது படிக்கப்படுபவை ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை. ஒரு தேடல் மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும்.

எது குறை என்பதை ஊகிக்கத் தேவையில்லை. வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தாலே போதும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, மெமரி 60, 70இல் இருந்தால் ரேம் வாங்குவது வீண் செலவு. மெமரி 90ஐத் தாண்டியிருந்தால் இரண்டும் தேவை. ஏனென்றால் ரேம் நிரம்பினால் விண்டோஸ் டிஸ்க்கையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும்; அப்போது டிஸ்க்கும் சேர்ந்து திணறும்.

நம்பிக்கை: பழைய போர்டில் எஸ்.எஸ்.டி. போட்டாலும் பயனில்லை.

டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா, பழைய இரண்டாம் பதிப்பாக (சாட்டா 2) உள்ள லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் கிடைக்காது என்பது உண்மையே. சாட்டா 3இல் விநாடிக்கு 550 எம்.பி. வரை வரும், சாட்டா 2இல் அதில் பாதிதான். ஆனால் பழைய ஹார்டு டிஸ்க் தருவது சுமார் 100 எம்.பி. மேலும், உணரப்படும் மாற்றம் இந்த எண்ணால் வருவதல்ல, தேடும் நேரம் குறைவதால் வருவது. அந்தப் பலன் சாட்டா 2இலும் கிடைக்கும்.

சிறு பலகை வடிவ எஸ்.எஸ்.டி.க்கான எம்.2 ஸ்லாட் இருந்தால், சாட்டாவைவிட வேகமான என்.வி.எம்.இ. டிரைவ் கட்டாயம் வேலை செய்யும் என்ற எண்ணத்துக்கும் உத்தரவாதம் இல்லை. சில எம்.2 ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நம்பிக்கை: எந்த ரேமும் பொருந்தும், எவ்வளவும் போடலாம்.

டி.டி.ஆர்.3 வகை லேப்டாப் ரேம் பலகையில் 204 பின்கள், டி.டி.ஆர்.4இல் 260, ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழையாது. ஏமாற்றுவது டி.டி.ஆர்.3க்கும் டி.டி.ஆர்.3எல்லுக்கும் உள்ள வேறுபாடு. இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். முன்னது 1.5 வோல்ட்டில் இயங்கும், பின்னது 1.35 வோல்ட்டிலும் இயங்கும். குறைந்த வோல்ட்டை மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரையில் ஒன்றும் வராது, கடைக்காரர் போர்டு போய்விட்டது என்பார். மெலிந்த மாடல்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். இன்னொரு வரம்பும் உண்டு: 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. 8 ஜி.பி. போட்டவர்கள் விண்டோஸையும் 64 பிட்டுக்கு மாற்றினால்தான் பணம் வேலை செய்யும்.

நம்பிக்கை: எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்து சீக்கிரம் போய்விடும்.

தேய்மானம் உண்மை, சீக்கிரம் என்பது தவறு. 240 ஜி.பி. அளவுள்ள மலிவான டிரைவ் ஒன்றுக்குத் தயாரிப்பாளர் 80 டெராபைட் எழுத்தளவு உறுதி தருவதாகக் கொள்வோம். தினம் 20 ஜி.பி. எழுதினாலும் அதை எட்ட 4000 நாள், அதாவது ஏறக்குறைய பதினொரு ஆண்டு. கணக்கு எழுதும் லேப்டாப் அவ்வளவு எழுதுவதில்லை. டிஃபிராக் செய்வது மட்டும் வேண்டாத வேலை. அது எழுத்தைக் கூட்டுமே தவிர வேகத்தைக் கூட்டாது.

பட்டறைகளில் எஸ்.எஸ்.டி.க்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. பிரஸ் மெஷின் அதிரும் தளத்தில், தட்டுக்கு மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் மிதக்கும் முனைக்கு ஒவ்வொரு அதிர்வும் ஆபத்து. ஆனால் அங்கே பழைய லேப்டாப்பை வைத்திருப்பதற்கே காரணம் சீரியல் போர்ட்டும், பழைய சி.என்.சி. மென்பொருளும்தான். எனவே புதிதாக விண்டோஸ் ஏற்றுவதைவிட டிஸ்க்கை அப்படியே குளோன் செய்வது நல்லது. நிறுவல் சி.டி. இல்லாத மென்பொருளை மீண்டும் தேடிப் பிடிப்பது எளிதல்ல. மென்பொருளின் உரிமம் ஹார்டு டிஸ்க் எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தால் குளோனும் திறக்காது. அதை முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

நம்பிக்கை: பெங்களூரில் வாங்கினால் வரி குறைவு.

ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான் என்பதால் பலரும் பெங்களூரின் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அங்கே தேர்வு அதிகம், பேரம் பேசலாம். வரியில் வேறுபாடு இல்லை: எஸ்.எஸ்.டி.க்கும் ரேமுக்கும் இரு மாநிலங்களிலும் ஜி.எஸ்.டி. 18 சதவீதமே. பில் இல்லாமல் வாங்கினால்தான் ‘குறைவு’. அப்போது வாரன்டி கேட்க வழியிருக்காது.

கடைசியாக, எஸ்.எஸ்.டி. போட்டால் லேப்டாப் புதிதாகிவிடும் என்பது மிகை. பிராசஸர் பழையதுதான், வீடியோ எடிட்டிங் பழையபடியே நேரம் எடுக்கும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களை ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தையும் கேட்கிறது. ரேமைக் கூட்டி இதைத் தாண்ட முடியாது. அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் பொருத்தமான வழி. கீல் உடைந்து பேட்டரி வீங்கிய லேப்டாப்பில் இந்தச் செலவைச் செய்யாமலிருப்பதே மேல்.

மாற்றிய பிறகு பழைய ஹார்டு டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். எஸ்.எஸ்.டி. பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே போகும். அதில் அழித்த கோப்பை மீட்பதும் கடினம். சில மாதங்கள் அந்தப் பழைய டிஸ்க் பீரோவில் இருக்கட்டும்.