இடமறிந்து கூடாரம் அமைப்போம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலையிலும் போர்ட்டிக்சன் கடலோரத்திலும் நீர்வீழ்ச்சிகளின் அருகிலும் வண்ண வண்ணக் கூடாரங்களைக் காணலாம். குடும்பத்தோடு கூடாரம் அமைத்துத் தங்குவது மகிழ்ச்சி தரும் பொழுதுபோக்கு. ஆனால், பகலில் இருந்த மகிழ்ச்சி இரவில் நிலைப்பதில்லை. படுத்தால் முதுகில் கல் உறுத்துகிறது. கொசுக்கடி தாங்காமல் தம்பி அழுகிறான். நள்ளிரவில் மழைநீர் உள்ளே புகுகிறது. பாட்டி காருக்குள் போய் அமர்ந்தபடியே விடியும்வரை விழித்திருக்கிறார். "இனி இந்தப் பக்கமே வரவேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு குடும்பம் வீடு திரும்புகிறது.

இன்னும் அதிகமான பொருள்களைக் கொண்டு வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். அது பாதி உண்மைதான். நல்ல உறக்கம் முதலில் நாம் தேர்ந்தெடுக்கும் இடத்தைப் பொறுத்தது. பாதுகாப்பும் அதைப் பொறுத்ததே.

ஆற்றங்கரை மணல் சமமாகவும் மென்மையாகவும் இருப்பதால், கூடாரம் அமைக்க அதுவே ஏற்ற இடம் என்று தோன்றும். அந்த மணலைச் சமமாக்கியது யார்? முன்பு வந்த வெள்ளம்தான். வெள்ளம் வந்த இடத்திற்கு அது மீண்டும் வரலாம். மலை உச்சியில் பெய்யும் மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் திடீரென்று நீர் பெருகும். இதை மலாய் மொழியில் 'கெபாலா ஆயர்' என்பர். தெளிந்த நீர் கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், பொருள்களை எடுக்க நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி, ஆற்றங்கரையில் கூடாரம் அமைப்போருக்கும் பொருந்தும்.

செங்குத்தான மலைச்சரிவின் அடிவாரமும் ஆபத்தானது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங்காலியில் விடிவதற்கு முன் நிலச்சரிவு ஏற்பட்டது. முகாமில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் மண்ணில் புதையுண்டன. சிறுவர்கள் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். எனவே, உரிமம் பெற்ற முகாம் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். புறப்படுமுன் வானிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. காய்ந்த கிளைகள் தொங்கும் மரங்கள், தென்னை, டுரியான் ஆகியவற்றின் அடியிலும் கூடாரம் அமைக்கக் கூடாது.

இடம் முடிவானதும் கூடாரத்தைக் கவனிப்போம். 'நால்வர் தங்கலாம்' என்று எழுதப்பட்ட கூடாரத்தில் நால்வர் தோளோடு தோள் ஒட்டித்தான் படுக்க முடியும். பைகளை வைக்க இடமிராது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு அறுவர் தங்கும் கூடாரமே ஏற்றது. தரையில் கிடக்கும் கற்களையும் குச்சிகளையும் முதலில் அகற்ற வேண்டும். கூடாரத்தின் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் ஓரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் மழைநீர் அதில் விழுந்து கூடாரத்தின் அடியில் தேங்கும். ஓரங்களை உள்ளே மடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தரை சற்றுச் சாய்வாக இருந்தால், மேடான பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும்.

மழை பெய்யாமலேயே சில நாள் காலையில் கூடாரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கும். கூடாரம் ஒழுகுகிறது என்று நாம் எண்ணுவோம். உண்மையில், நம் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள நீராவிதான் குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளிகளாக மாறுகிறது. எதிரெதிரே உள்ள இரண்டு சன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று உலாவும்; ஈரம் குறையும்; புழுக்கமும் தணியும். சன்னல்களின் கொசுவலை மட்டும் மூடியே இருக்கட்டும்.

குளிரான கேமரன் மலையில் பலர் கனமான போர்வைகளை மட்டும் கொண்டு செல்கின்றனர். ஆயினும், குளிர் கீழிருந்தும் வருகிறது. குளிர்ந்த தரை நம் உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஆகவே, மேலே இரண்டு போர்வைகள் போர்த்துவதைவிட, கீழே ஒரு நுரைப்பாய் விரிப்பது அதிகப் பயன் தரும். கீழே குனிந்து எழச் சிரமப்படும் பாட்டிக்கு மடக்குக் கட்டில் ஒன்று இருந்தால் உதவியாக இருக்கும். அவர் படுக்கும் இடம் வாசலை ஒட்டி இருந்தால், இரவில் கழிப்பறைக்குச் செல்லவும் எளிது.

சமையலைக் கூடாரத்திற்கு வெளியேதான் செய்ய வேண்டும். மழை பெய்தாலும், குளிரடித்தாலும் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ உள்ளே கொண்டு வரக் கூடாது. அவற்றிலிருந்து வெளியேறும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. உறங்குபவர்களின் உயிரையே பறித்துவிடும். மீந்த உணவை மூடியுள்ள பெட்டியில் வைத்தால் எறும்பும் எலியும் அண்டா. குப்பைகளை நாமே திரும்பக் கொண்டு செல்ல வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே வீட்டு வாசலிலோ திடலிலோ கூடாரத்தை ஒருமுறை அமைத்துப் பாருங்கள். கம்பி குறைகிறதா, துணி கிழிந்துள்ளதா என்பது அப்போதே தெரிந்துவிடும். முகாமைச் சென்றடைந்ததும், பைகளை இறக்குவதற்கு முன்பு குடும்பத்தினர் அனைவரும் அந்த இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். நீர் எந்த வழியாக ஓடும், சரிவு எங்கே உள்ளது, ஆபத்து நேர்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். அதற்குப் பத்து நிமிடங்களே போதும். பிறகு தம்பியும் உறங்குவான். பாட்டியும் நிம்மதியாகக் கண்ணயர்வார்.