பாலிஷிங் பேடை எப்போது கழிக்கலாம்?

வீட்டிலேயே மெஷின் வைத்துக் காருக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மெஷினையும் காம்பவுண்டையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். பேடை மட்டும் பிய்ந்து தொங்கும்வரை ஓட்டுவார்கள். கம்பெனியிலிருந்து வரும்போது காரின் பெயிண்ட் மொத்தமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. கெட்டுப்போன பேட் விளையாடுவது அந்தப் படலத்தில். ஒரு கதவுக்குத் திரும்பப் பெயிண்ட் அடிக்க ஆகும் செலவில் பல பேடுகள் வாங்கிவிடலாம்.

1. முதலில் முதுகைப் பாருங்கள். எல்லோரும் பேடின் முகத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். ஆனால் மெஷின் ஓடும்போது சூடு சேர்வது நடுவில், வெல்க்ரோவும் ஃபோமும் ஒட்டியிருக்கும் இடத்தில். அங்கே பசை இளகினால் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். அப்படிப் பிளந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பசை வாங்கி ஒட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒட்டிய இடம் கல்லாகி, பேடும் மையம் தப்பி உட்கார்ந்துவிடும். ஓடுகிற மெஷினிலிருந்து பேட் கழன்றால், பேடைத் தாங்கிச் சுழலும் பிளேட் நேராகப் பெயிண்டில் இறங்கும்.

2. பேட் அடிக்கடி வழுக்கிக் கழன்றால், பழியை உடனே பேட் மேல் போடாதீர்கள். மெஷினில் இருக்கும் பிளேட்டின் கொக்கிகள் சூட்டில் உருகி மழுங்கியிருக்கலாம். புதுப் பேடை மாட்டிப் பாருங்கள். அதுவும் வழுக்கினால் மாற்ற வேண்டியது பிளேட்டை.

3. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் இந்தச் சோதனை. ஈரத்தில் எந்த ஃபோமும் தொளதொளவென்றுதான் இருக்கும். நடுவில் ஒரு அழுத்து, ஓரத்தில் ஒரு அழுத்து. இரண்டும் ஒரே மாதிரி எழும்பினால் பேடில் இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் மட்டும் விரல் பதிந்த குழி அப்படியே நின்றால், உள்ளே ஃபோம் அமுங்கிச் செத்துவிட்டது. அதற்கு மேல் அது பெயிண்டில் சமமாக உட்காராது.

4. நம்பர் பிளேட், வைப்பர், கதவு விளிம்பு ஆகியவற்றில் பட்டு ஓரம் கிழிவது சகஜம். நகக்கீறல் அளவு கிழிசலுக்காகப் பேடை எறிய வேண்டாம். கிழிசல் வெல்க்ரோவரை போய்விட்டாலோ, பானெட்டில் ஃபோம் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தாலோ அன்றோடு சரி.

5. கறை வேறு, காம்பவுண்ட் இறுகுவது வேறு. நிறம் மங்கிவிட்டது என்பதற்காகப் பேடைக் கழிப்பது வீண். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணி பிழிகிற மாதிரி முறுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையில் அமுக்கிப் பிழியுங்கள். வெல்க்ரோ மேலே இருக்கும்படி வைத்து நிழலில் காயவிடுங்கள். தண்ணீர் பசைப்பக்கம் தங்காது. காய்ந்த பிறகும் மேலே தகடு மாதிரி விறைப்பாக இருந்தால், காம்பவுண்ட் உள்ளே இறங்கி இறுகிவிட்டது என்று பொருள். அந்தப் பேடைப் பெயிண்டில் வைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: பேடில் காரின் நிறமே ஏறுகிறதா? கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டில் அது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் அப்படி வந்தால் பேடைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு மெஷினை நிறுத்துங்கள். மேல் படலம் தேய்ந்து உள்நிறம் வந்துவிட்டது.

6. தரையில் விழுந்த பேட், எவ்வளவு புதிதானாலும், கழுவாமல் திரும்ப ஏறக் கூடாது. கழுவிய பிறகும் விரலுக்கு ஒரு மணல் தட்டுப்பட்டால் பெயிண்டுக்கு ஆகாது.

7. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பேடும் வேலையில் செத்திருக்கும். முன்பு நாலு ஓட்டத்தில் போன கீறல் இப்போது எட்டு ஓட்டத்திலும் போகவில்லை, அல்லது வெளிச்சத்தில் வட்ட வட்டமாகப் புகைமூட்டம் தெரிகிறது என்றால் இப்படிச் சோதியுங்கள். பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இரண்டு கட்டம் டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கழுவிக் காயவைத்த பழைய பேட், மற்றதில் அதே வகைப் புதுப் பேட். காம்பவுண்ட், வேகம், அழுத்தம் மூன்றும் மாறக் கூடாது. பிறகு தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டிருக்கும், அது போனால்தான் உண்மை தெரியும். எல்இடி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். புதியது மட்டும் சுத்தமாக வந்தால் பழையதுக்கு விடை கொடுங்கள். இரண்டும் ஒரே லட்சணமாக இருந்தால் கோளாறு காம்பவுண்டிலோ கையிலோ இருக்கிறது.

8. மெஷின் வழக்கத்தைவிட அதிர்ந்தால், பேடைக் கழற்றி நடுவாக மறுபடி மாட்டுங்கள். அப்போதும் அதிர்ந்தால் வேறு பேட்.

9. கம்பளிப் பேட் புதிதில் நூல் உதிர்க்கத்தான் செய்யும். பிரஷ் போட்டும் பிரியாத சடை விழுந்தாலோ, நடுவில் சொட்டை தெரிந்தாலோ மாற்றுங்கள். மைக்ரோஃபைபர் பேடுக்கும் இதே கணக்கு: கழுவிச் சீவிய பிறகும் இழைகள் நிமிராமல் படுத்தே கிடந்தால் அதன் காலம் முடிந்தது.

10. “ஒரு பேட் எத்தனை காருக்கு வரும்?” என்று கேட்டால் பதில் கிடையாது. காம்பவுண்ட் ஊறிய ஒரே பேடை வைத்து முழுக் காரையும் அழுத்தித் தேய்த்தால் ஒரே மதியத்தில் கதை முடிந்துவிடும். மூன்று நாலு பேடை மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு பேனலுக்கு ஒருமுறை நைலான் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் அதே பேடுகள் நெடுநாள் வரும். இரட்டை இயக்க மெஷின் என்றால் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றாமல் நின்றால் நீங்கள் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள். சுழலாமல் வெறுமனே அதிர்கிற பேட் வேலையும் செய்யாது.

11. கழித்த பேட் எல்லாமே குப்பைக்கு அல்ல. வெல்க்ரோ உறுதியாக இருந்தால் மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்கும் சைலன்சர் முனைக்கும் ஆகும். முதுகில் ‘மெட்டல்’ என்று பெரிதாக எழுதி வேறு கவரில் போடுங்கள்; உலோகத் தூள் ஏறிய பேட் மறந்தும் பெயிண்ட் பக்கம் வரக் கூடாது. வெல்க்ரோ பிய்ந்ததை நாலாக வெட்டி வைத்துக்கொண்டால் டயருக்குப் பாலிஷ் பூச வசதியாக இருக்கும்.